தங்கக் கம்பியும் பெரட்டுக் கணக்கும்

அம்மாவால் இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. ரவிக்கைக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தால் அடுக்களையில் இருக்கும் என்னைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவார். நான் போய்க் கோத்துக் கொடுத்துவிட்டு வருவேன். இதே அம்மா 22 வருஷம் மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் மின்னணுச் சில்லுகளுக்கு (சிப்) தங்கக் கம்பி ஒட்டியவர். அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 25 மைக்ரான். தலைமுடி அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு.

அம்மா 1979-ல் வேலைக்குச் சேர்ந்தார், 18 வயதில். அப்போது தீவுக்குப் பாலம் கிடையாது, அது 1985-ல்தான் வந்தது. விடியும் முன்னே எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, இந்தப் பக்கம் ஜெட்டியில் இறங்கி, பாஸ் கிலாங் என்ற ஃபேக்டரி பஸ்ஸைப் பிடித்துப் போவார். வேலையைக் கேட்டால் இன்றும் ஒரு படி விடாமல் சொல்வார். மைக்ரோஸ்கோப்பில் இரண்டு கண்ணையும் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே நகத்தைவிடச் சின்னதாக ஒரு சில்லு. கம்பி மெல்லிய குழல் வழியாக இறங்கும். நுனியில் பொறி பட்டதும் உருண்டையாகத் திரளும். அந்த உருண்டையைச் சில்லின் மேல் உள்ள சதுரத்தில் வைத்து அழுத்தி, கம்பியை வில் மாதிரி வளைத்துக் கொண்டுபோய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலில் ஒட்டி, அறுக்க வேண்டும். ஒரு சில்லுக்கு 14 கம்பி, 16 கம்பி. அப்புறம் அடுத்த சில்லு.

"வில்லு சரியா வளையணும். தொங்கினா பக்கத்துக் கம்பியில பட்டுரும். இழுத்து வச்சா அறுந்துரும்" என்பார். சொல்லும்போது ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வளைவு போடுவார். கண்ணுக்குத் தெரியாததை இந்தக் கை இன்னமும் ஞாபகம் வைத்திருக்கிறது.

லைனுக்கு முன்னால் ஒரு போர்டு இருக்குமாம். யார் எத்தனை முடித்தார்கள், எத்தனை கெட்டுப்போனது என்று மணிக்கு மணி எழுதுவார்கள். அறுந்து விழுந்த தங்கத் துணுக்குகளை ஷிஃப்ட் முடிந்ததும் சேர்த்து எடை போடுவார்கள். தங்கம் கிராம் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். கண் பார்வை போனதற்கு எந்தப் போர்டும் இல்லை.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் அப்பா ஞாபகத்துக்கு வருவார். தாத்தா எதிர்க்கரையில் செபராங் பிறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், கணக்குப்பிள்ளையான கிராணி பேர் வாசிப்பார், வராதவர் பேருக்கு நேரே கோடு விழும். மதியம் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால் நிறுப்பார்கள். அப்புறம் கிராணி மெட்ரோலாக் என்ற குழலைப் பாலுக்குள் விடுவார். பாலில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று அது மிதக்கிற உயரத்தை வைத்துச் சொல்வார். அதில் இருந்த எண்ணைத் தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. கிராணி எழுதியதுதான் கணக்கு, அதுதான் சம்பளம்.

இரண்டு தலைமுறையாக எங்கள் வீட்டு ஆட்களை யாரோ எண்ணிக்கொண்டும் எடை போட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு நோட்டை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. கம்பெனிகளையும் தொழில்நுட்பத்தையும் கேள்வி கேட்கிற இன்றைய கலையை நான் தேடித் தேடிப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். அதில் என் மனதைத் தொட்டவை எல்லாம் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. கணக்கு நோட்டை எடுத்து, நாம் வாசிக்கும்படி நம் பக்கம் திருப்பி வைக்கின்றன.

முதலில் சொல்ல வேண்டியவர் ஹான்ஸ் ஹாக்கே. ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர். 1971-ல் அங்கே குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடக்க இருந்தது. அதற்காக அவர் செய்த வேலை பொறுமையான ஒரு கிராணி செய்யக்கூடியதுதான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அரசு வைத்திருந்த சொத்துப் பதிவேடுகளைப் போய்ப் புரட்டினார். ஒரே வட்டத்தைச் சேர்ந்த வீட்டு முதலாளிகளின் கட்டடங்களைத் தேடிப் பிடித்தார். பெரும்பாலும் ஹார்லெமிலும் லோயர் ஈஸ்ட் சைடிலும் ஏழைகள் வாடகைக்கு இருந்த கட்டடங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் தெருவில் நின்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். மொத்தம் 142. ஒவ்வொரு படத்துக்கும் டைப் அடித்த ஒரு தாள்: விலாசம், மனையின் அளவு, யார் பேரில் இருக்கிறது, எப்போது கைமாறியது, அடமானம் எவ்வளவு. கூடவே சில விளக்க வரைபடங்கள். பல கம்பெனிப் பெயர்களுக்குப் பின்னால் அதே சில ஆட்கள் தங்களுக்குள்ளேயே விற்றுக்கொண்டும் அடகு வைத்துக்கொண்டும் இருந்தது அவற்றில் பளிச்சென்று தெரியும்.

அதில் ஒரு வசைச்சொல் இல்லை. வாடகைக்காரர்களின் பரிதாபமான முகங்கள் இல்லை. அருங்காட்சியகத்தின் இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர் கண்காட்சி திறக்க ஏறத்தாழ ஆறு வாரம் இருக்கும்போது அதை ரத்து செய்தார். அருங்காட்சியகம் என்ற உடலுக்குள் நுழைந்த ஓர் அந்நியப் பொருள் என்ற அர்த்தத்தில் அதைப் பற்றி எழுதினார். கலைஞருக்காக நின்ற எட்வர்ட் ஃப்ரை என்ற கண்காட்சிப் பொறுப்பாளருக்கு வேலை போனது. அதே நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகம் 2007-ல் அந்தப் படைப்பை வாங்கிச் சேர்த்துக்கொண்டது.

நான் இதை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கோபமாகக் கத்துகிற படத்தைச் சுவரில் மாட்ட ஒரு நிறுவனம் சம்மதிக்கும், சில நேரம் பெருமையாகக் கூட மாட்டிக்கொள்ளும். விலாசமும் தேதியும் தொகையும் போட்ட தாளைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. பெரட்டுக் களத்தில் தாத்தா எவ்வளவு சத்தம் போட்டிருந்தாலும் கிராணி பொறுத்துக்கொண்டிருப்பார். நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

நம் மலேசியாவிலும் இது நடக்காமல் இல்லை. சபாவின் ரானாவைச் சேர்ந்த பாங்ரோக் சுலாப் என்ற கலைக்குழு மரப்பலகையில் செதுக்கி அச்சடிப்பவர்கள். 'வாங்காதே, நீயே செய்' என்பது அவர்கள் கொள்கை. பெரிய பலகையில் மை பூசி, மேலே துணி விரித்து, இசையைப் போட்டுவிட்டு, வந்திருக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு அதன் மேல் ஆடுவார்கள். காலின் அழுத்தத்தில் படம் துணியில் இறங்கும். சபாவின் அழகையும் அங்கே நடக்கிற சுரண்டலையும் காட்டிய அவர்களுடைய பெரிய படைப்பொன்று 2017-ல் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டு, புகார் வந்ததும் எடுக்கப்பட்டது. அத்தனை பேர் மிதித்து ஆடி அச்சடித்த ஒரு துணி ஒரு புகாரில் இறங்கியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பினாங்கில் கலை என்றதும் எல்லோரும் லெபோ ஆர்மீனியன் தெருவில் ஒரு சுவரில் இருக்கும் சைக்கிள் பிள்ளைகளைத்தான் சொல்வார்கள். லிதுவேனியாக்காரரான எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-ல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. சுவரில் வரைந்த இரண்டு பிள்ளைகள், சுவரோடு ஒட்டி நிறுத்திய நிஜ சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை போனால் படம் எடுக்க வரிசை நிற்கும். அந்தப் படம் சட்டையிலும் சாவிக்கொத்திலும் காந்தத்திலும் வந்துவிட்டது. எனக்கு அந்த ஓவியம் பிடிக்கும், அதன் மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதே கை 2018-ல் சுமாத்ராவில் செய்ததைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் குறைவு. ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மரங்களை வெட்டி, வானத்திலிருந்து பார்த்தால் எஸ்.ஓ.எஸ். என்ற அபயக் குரல் தெரியும்படி மூன்று எழுத்துகளை உருவாக்கினார். காட்டை அழித்து நட்ட செம்பனையை எடுத்துவிட்டு மறுபடி காடாக்கும் முயற்சியோடு சேர்ந்த வேலை அது. அதைச் சாவிக்கொத்தில் போட முடியாது. தரையில் நின்றால் வெட்டிய மரங்கள் மட்டும்தான் தெரியும்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். கேட் கிராஃபோர்ட், விளாடன் யோலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு வரைபடம் இருக்கிறது. வீட்டில் மேசை மேல் வைத்து, பாட்டுப் போடு, மணி என்ன என்று கேட்கிறோமே, அமேசானின் எக்கோ கருவி, அது மண்ணிலிருந்து பிறந்து மறுபடி குப்பையாய் மண்ணுக்குப் போகும் வரை உள்ள பாதை முழுவதும் அதில் இருக்கிறது. சுரங்கம், உருக்காலை, பாகம் செய்பவர்கள், பொருத்துபவர்கள், கப்பல், கிடங்கு, தரவு மையம், கடைசியில் மின்குப்பை. கறுப்புப் பின்னணியில் பொடிப் பொடியாக வெள்ளை எழுத்து. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் ஒரு பிரிண்ட் கடையில் கொடுத்து, அவர்களிடம் இருந்த பெரிய தாளில் அடித்து வாங்கிவந்து சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டினேன்.

அதோடு வந்த கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. 2018-ன் முதல் ஐந்து மாதத்தில் அமேசானை நிறுவிய ஜெஃப் பெஸோஸின் செல்வம் நாளுக்குச் சராசரியாக 27.5 கோடி டாலர் கூடியது. அந்த ஒரு நாள் தொகையைச் சம்பாதிக்க காங்கோ சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு குழந்தை இடைவிடாமல் 7 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். இதை நான் தமிழில் சொன்னபோது அம்மா கையில் இருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் வருகிறது. நம் காடுகளைப் பற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் அந்தக் கம்பியைச் சுற்றிப் பூசியது கெத்தா பெர்ச்சா என்ற மரப்பால். பேரே மலாய்ப் பேர்தான். மலாயா, சிங்கப்பூர், சுமாத்ரா, போர்னியோ காடுகளில் வளர்ந்த மரம் அது. ரப்பர் மாதிரி கீறிவிட்டால் பால் வடியாது. மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பட்டையில் வரி வரியாகக் கீறி எடுத்தார்கள். உலகம் முதன்முதலில் கடல் கடந்து நொடியில் பேசிக்கொண்டது இந்த மரங்கள் விழுந்ததால்தான். ரப்பர் தோட்டங்களுக்கு முன்பே, எங்கள் தாத்தாக்கள் கப்பலேறும் முன்பே, தகவல் தொழில்நுட்பம் இந்த மண்ணில் கணக்கைத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ரப்பரும் ஈயமும் படித்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு கலைப்படைப்பிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கிராஃபோர்ட் 2019-ல் ட்ரெவர் பாக்லன் என்ற கலைஞரோடு சேர்ந்து இன்னொரு நோட்டையும் திறந்தார். கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க இமேஜ்நெட் என்றொரு பெரிய படத் தொகுப்பு பயன்பட்டது. அதில் மனிதர்களுக்கும் வகை வகையாகப் பெயர் ஒட்டி வைத்திருந்தார்கள், கேவலமான பெயர்கள் உட்பட. நம் முகத்தைக் கொடுத்தால் அந்தத் தொகுப்பு நம்மை என்னவென்று அழைக்கும் என்று காட்டும்படி இவர்கள் ஓர் இணையப் பக்கத்தைச் செய்து எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். ஆட்கள் தங்கள் முகத்துக்கு வந்த பெயரைப் பார்த்துத் துடித்துப்போனார்கள். தொகுப்பை வைத்திருந்தவர்கள் மனிதர்களின் படங்களில் 6 லட்சத்தை நீக்குவதாக அறிவித்தார்கள். கப்பலில் இறங்கியதும் கூலி என்று ஒரு சொல்லில் எழுதிவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு பதிவேட்டில் ஒரு சொல் எத்தனை தலைமுறைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நமக்குத் தெரியும்.

இந்த வகைப் படைப்பு எல்லாமே எனக்கு ஒப்பும் என்று சொல்ல மாட்டேன். யெஸ் மென் என்ற அமெரிக்க இரட்டையரில் ஒருவர், போபால் விஷவாயு விபத்தின் 20-ஆம் நினைவு நாளான 2004 டிசம்பர் 3 அன்று, விபத்துக்குக் காரணமான யூனியன் கார்பைடைப் பின்னால் வாங்கிய டௌ கெமிக்கல் கம்பெனியின் பேச்சாளர் போல பிபிசியில் தோன்றி, முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், 1,200 கோடி டாலர் தருகிறோம் என்று அறிவித்தார். பொய் என்று தெரியும் வரை அந்தச் செய்தி உலகம் சுற்றியது. பங்கு விலை இறங்கியது. துணிச்சலான காரியம்தான். கம்பெனி சொல்ல வேண்டியதைக் கம்பெனியின் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் போபாலில் நம்பியவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஏமாற்றப்பட்டவர்களை இன்னொரு முறை ஏமாற்றாமல் அதைச் செய்ய வழி இருந்திருக்க வேண்டும்.

அக்கா மகன் இரண்டு வருஷமாகச் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மோட்டாரில் போன் மாட்டியிருக்கும். எந்தக் கடைக்குப் போக வேண்டும், எந்தப் பாதை, எத்தனை நிமிஷம் என்று போன்தான் சொல்லும். போன தீபாவளிக்கு முன்னால், மழையில் தாமதமான ஆர்டர்களுக்காக மூன்று நாள் அவன் அக்கவுண்டை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது, மெசேஜ் போட்டால் மெசேஜ் வரும், அவ்வளவுதான். அவனுக்கு நான் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞரின் வீடியோவைக் காட்டினேன். 2020-ல் வந்தது. பெர்லினில் ஒரு சின்னக் கைவண்டியில் 99 பழைய ஸ்மார்ட்போன்களைப் போட்டுக்கொண்டு தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு போகிறார். எல்லாப் போனிலும் கூகல் மேப்ஸ் ஓடுகிறது. காலியான தெரு வரைபடத்தில் சிவப்பாகிறது. அங்கே பெரிய நெரிசல் என்று வரைபடம் நம்பிவிடுகிறது.

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்: "அந்த வண்டிய இழுக்கிற வேகத்துலதான் சின்னம்மா நாங்க மழையில போறோம். காலி ரோட்ட ஜாம்னு நம்புது. நாங்க நனைஞ்சிட்டு நிக்கிறது மட்டும் அதுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பாயான் லெப்பாஸ் போர்டில் கண் வலிக்கு இடமில்லை. மெட்ரோலாக்கில் தாத்தாவின் முதுகு வலிக்குக் கோடு இல்லை. அவன் கேட்டது அதே கேள்வி.

எனக்குப் பார்க்க ஆசையுள்ள ஒரு படைப்பைச் சொல்கிறேன், யாராவது செய்யட்டும். பினாங்குத் தீவின் தென்கிழக்கில் நெல் வயலாகக் கிடந்த இடத்தில் 1972-ல் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. அந்த வருஷமே இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே போட்டது. 50 வருஷத்துக்கு மேல் ஆகிறது. உலகின் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலையில் மலேசியாவின் பங்கு சுமார் 13 சதவீதம் என்கிறார்கள். அதில் பினாங்கின் பங்கு பெரிது. அந்த 50 வருஷத்தை மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்த பெண்களின் பக்கத்திலிருந்து காட்ட வேண்டும். தோட்டத்திலிருந்தும் கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களிலிருந்தும் வந்த பெண்கள். பல வருஷம் அவர்களுக்குத் தேசிய அளவில் சங்கம் வைக்க அனுமதி இல்லை. வாயால் பேச முடியாததை உடம்பு பேசியது. 1978-ல் சிலாங்கூரின் சுங்கை வேயில் ஓர் அமெரிக்க மின்னணு ஆலையில் மைக்ரோஸ்கோப் வேலை செய்த 120 பெண்கள்வரை ஆவி பிடித்தவர்கள்போல் அலறினார்கள். ஆலையை மூன்று நாள் மூடி, போமோ என்ற மலாய் மந்திரவாதியை வரவழைத்து, ஆடு வெட்டினார்கள். மானுடவியலாளர் ஐவா ஓங் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதை அம்மாவிடம் கேட்டேன். "நம்ம லைன்லயும் ஒரு பிள்ளைக்கு வந்துச்சு. கண்ணாடிக்குள்ள யாரோ நிக்கிறாங்கன்னா. சூப்பர்வைசர் அவள வீட்டுக்கு அனுப்பிட்டு, அந்த எடத்துல வேற ஆள உக்கார வச்சாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு எங்க யாருக்கும் டார்கெட் ஓடல" என்றார்.

போன வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அந்தக் கறுப்பு வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினார்.

"நாங்க எங்க இருக்கோம் இதுல?"

பாகம் செய்பவர்கள், பொருத்துபவர்கள் என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினேன். அரை விரல் நீளம்கூட இல்லை. அம்மா அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார், விரல் மொத்தத்தையும் மறைத்தது. "பேரு இல்லையே" என்றார். இந்த மாதிரி வரைபடத்தில் ஆட்களின் பேர் போட மாட்டார்கள் அம்மா, எத்தனையோ கோடிப் பேர் என்றேன்.

வெள்ளை மார்க்கர் பேனா இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூட டப்பாவில் ஒன்று இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த அரை விரல் இடத்திலிருந்து ஒரு கோட்டைத் தாளின் ஓரத்துக்கு இழுத்தார். நடுங்கும் கையானாலும் கோடு வில் மாதிரி வளைந்துதான் வந்தது. அதன் முனையில், லைனில் உட்கார்ந்த வரிசைப்படி, முதல் மைக்ரோஸ்கோப்பிலிருந்து பேர் எழுத ஆரம்பித்தார். மலாய்ப் பேர், சீனப் பேர், நம் பேர், எல்லாம் தமிழ் எழுத்தில். 11 பேர் ஆனதும் நின்றுவிட்டார். கடைசி மைக்ரோஸ்கோப், சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த பெண், ஃபெரியில் எப்போதும் தூங்கிக்கொண்டே வருவாளாம், அவள் பேர் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பீரோ மேல்தட்டில் இருக்கும் பழைய ஃபோன் நம்பர் நோட்டை எடுத்துக்கொண்டு வா என்றார்.